வாக்குச்சாவடிச் சேவை: அறைக்குள் நேர்த்தி, வாசலில் அலைக்கழிப்பு

தமிழ்நாட்டில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோருக்காக, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, காலை 7 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடப்படும் சேவை ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் தேடிப் போகவும் வழியில்லை. எந்தப் பள்ளியின் எந்த வகுப்பறை வாசலில் நாம் நிற்க வேண்டும் என்பதை, வாக்காளர் பட்டியலில் நம் பகுதிக்குரிய பாகம் எண்ணும் நம் வரிசை எண்ணும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. தேர்தல் முடிந்த மறுநாள் யார் வெல்வார், எத்தனை இடம் என்று நாள் முழுக்கப் பேசுகிறோமே தவிர, வாக்களிக்கும் வேலை எப்படி நடந்தது என்பதைக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டை அலசும் அளவுக்குக்கூட அலசுவதில்லை. 2024 ஏப்ரல் 19 அன்று, மக்களவைத் தேர்தலின் முதல் கட்டத்தில், தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தபோது, சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் நானும் 79 வயதான என் தாயாரும் வாக்களித்தோம். அங்கே பார்த்ததையும், அக்கம்பக்கத்தாரும் ஊரில் இருக்கும் உறவினர்களும் சொன்னதையும் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வகுப்பறைக்குள் நடக்கும் வேலைக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுப்பேன். வீட்டிலிருந்து அந்த வகுப்பறையின் நிலைப்படி வரை நடப்பதற்குப் பாதி மதிப்பெண் கொடுக்கவும் மனம் வரவில்லை. இரண்டையும் நடத்துவது ஒரே நிர்வாகம்தான் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான மனக்கசப்பு அங்கேதான் பிறக்கிறது. கையில் வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் வாக்களித்துவிடலாம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அட்டை என்பது நீங்கள் யார் என்பதற்கான சான்று மட்டுமே. அந்தப் பாகத்தின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி, பல தேர்தல்களில் பயன்படுத்தி ஓரம் தேய்ந்துபோன அட்டையை மேசைமீது வைத்தார். அலுவலர் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர் இல்லை என்றார். அவர் வீடு மாறவில்லை, நீக்கச் சொல்லி எந்தப் படிவமும் கொடுக்கவில்லை. கணவரின் பெயர் அதே பக்கத்தில் அப்படியே இருந்தது. இப்படிப்பட்டவருக்கு வாக்குப்பதிவு நாளில் செய்து தருவதற்கு வாக்குச்சாவடியில் எதுவுமே இல்லை. வருத்தம் தெரிவிக்கலாம், அடுத்த முறைக்குப் பெயர் சேர்க்கும் ஆறாம் எண் படிவம் கொடுக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். அவர் கோபப்படக்கூட இல்லை. அட்டையைப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு, கணவர் வாக்களித்து வரும் வரை வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. இறந்தவர்களும், என்றோ குடிபெயர்ந்தவர்களும் பட்டியலில் தொடர்ந்து வாழ்கிறார்கள். எங்கள் தெருவில் காலிசெய்து போன குடும்பங்களின் பெயர்கள் அந்தந்தக் கதவு எண்ணுக்கு நேரே பத்திரமாக இருந்தன. மத்திய சென்னையில் அன்று பதிவான வாக்குகள் 54 சதவீதத்தை ஒட்டி நின்றதற்காக நகரவாசிகளின் சோம்பலைத் தொலைக்காட்சிகளில் வெளுத்து வாங்கினார்கள். சோம்பல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வகுக்கும் எண்ணே பருத்துக் கிடக்கும்போது வரும் சதவீதத்தை அப்படியே நம்பித் திட்டுவதில் நியாயம் குறைவு. பின்னர் நடந்த, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் இறந்தவர் எவ்வளவு, உயிரோடு இருந்தும் விடுபட்டவர் எவ்வளவு என்பது தனி விவாதம். பட்டியல் நம் கதவைத் தட்டித் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

பூத் சிலிப் வழங்கும் முறையில் முன்னேற்றம் தெரிகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடிப் பணியாளர் வீடு தேடி வந்து கொடுத்தார். எழுத்துத் தெளிவாக இருந்தது, பாகம் எண், வரிசை எண், பள்ளியின் பெயர் எல்லாம் இருந்தன. ஆனால் அந்தச் சீட்டு வழிகாட்டி மட்டுமே, அடையாளச் சான்று அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, பான் அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை உள்ளிட்ட பன்னிரண்டு ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் எடுத்துச் செல்லும் ரேஷன் அட்டை அந்தப் பன்னிரண்டில் கிடையாது. ஸ்மார்ட் கார்டோடு வந்த ஒரு முதியவர் வெயிலில் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். இந்த ஒரு வரியைச் சிலிப்பின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அவருக்கு அந்த நடை மிச்சமாகியிருக்கும்.

இனி வாசல். அந்தப் பள்ளியில் ஒன்றுக்கு மேற்பட்ட பாகங்களுக்குச் சாவடிகள் இருந்தன. எந்தப் பாகத்துக்கு எந்த அறை என்ற விவரம் அந்தந்த அறையின் கதவில் ஏ4 தாளில் ஒட்டப்பட்டிருந்தது. தெருவை நோக்கிய நுழைவாயிலில் எதுவும் இல்லை. விளைவு என்னவென்றால், எல்லாப் பாகத்தினரும் கண்ணில் பட்ட முதல் வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டார்கள். வரிசை நகர்ந்து மைதானத்தைக் கடந்து வராந்தாவை எட்டிய பிறகுதான் முன்னால் இருப்பவருக்கும் தமக்கும் பாகம் எண் வேறு என்பது பலருக்குத் தெரியவந்தது. அதே நேரத்தில் மாடிப்படிக்குப் பின்னால் இருந்த அறையில், அலுவலர்கள் ஆளுக்காகக் காத்துக்கொண்டு விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் தீர்த்துவைத்திருக்கக்கூடிய சிக்கல் இது. பள்ளிக்கூடத்தில் அவை இரண்டுக்கும் பஞ்சமா?

சாமியானா போட்டிருந்தார்கள், ஆனால் வரிசையில் பாதிப் பேருக்குத்தான் நிழல் கிடைத்தது. குடிநீர்க் கேன் இருந்தது, டம்ளர் ஒன்றுதான். முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது விதி, ஆனால் அதை யாரும் கூவிச் சொல்லவில்லை. தானாகப் போய்க் கேட்டவர்களுக்குக் கிடைத்தது, கூச்சப்பட்டவர்கள் நின்றார்கள். என் தாயார் இரண்டாவது வகை. அவரைப் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த மாணவத் தன்னார்வலர் ஒருவர், “பாட்டி, நீங்க ஏன் நிக்கிறீங்க, வாங்க” என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலி வேண்டாம், நடந்தே வருகிறேன் என்று தாயார் பிடிவாதம் பிடித்தது வேறு கதை. அந்தப் பையன் நாற்காலியைக் காலியாகத் தள்ளிக்கொண்டு, அவர் வேகத்துக்கு இணையாகப் பக்கத்திலேயே நடந்து வந்து, சாய்தளம் வரை விட்டுவிட்டுப் போனான்.

வரிசை ஏன் அவ்வளவு நீள்கிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வாக்குப்பதிவு நேரம் 11 மணி, அதாவது 660 நிமிடம். ஒரு சாவடியில் 1,400 வாக்காளர்கள் இருந்து அவர்களில் 70 சதவீதம் பேர் வந்தால் 980 வாக்குகள். நாள் முழுக்க ஒரு நொடி ஓய்வில்லாமல் நடந்தாலும் ஒருவருக்கு ஏறத்தாழ 40 நொடிதான் கிடைக்கும். யாரும் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. வெயிலுக்கு முன் போய்விட வேண்டும் என்று பாதிப் பேர் காலையிலேயே திரள்கிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் கொரோனாவை முன்னிட்டு ஒரு சாவடிக்கு ஏறக்குறைய 1,000 பேர் என்று வரம்பு வைத்து, மாநிலம் முழுவதும் 88,000-க்கும் மேற்பட்ட சாவடிகள் அமைத்தார்கள். நேரத்தையும் மாலை 7 மணி வரை நீட்டினார்கள். வெப்பமானியைக் காட்டி, கிருமிநாசினி ஊற்றி, வலக்கைக்குப் பிளாஸ்டிக் கையுறை மாட்டிவிட்டு என்று கூடுதல் வேலைகள் எவ்வளவோ இருந்தும், அந்த ஆண்டு நாங்கள் நின்ற நேரம் குறைவுதான். 2024-இல் சாவடிகள் மீண்டும் 68,000 அளவுக்கு இறங்கின. மருந்து எது என்பது தெரிந்தே இருந்தது. நோய்த்தொற்று போனவுடன் மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். 2025-இல் ஒரு சாவடிக்கு 1,200 பேர் என்ற வரம்பைத் தேர்தல் ஆணையம் அறிவித்திருப்பது சரியான திசையில் ஒரு நகர்வு. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே வளாகத்தில் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள்ளேயே சாவடி வைக்கும் யோசனையும் நகரத்துக்குப் பொருந்தும்.

நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனால் வேறு உலகம். முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்து வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பிரதியில் குறித்துக்கொள்கிறார்கள். இந்த உரக்கப் படித்தலைச் சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஆள்மாறாட்டத்துக்கு எதிரான முதல் காவல் அதுதான்; அந்தப் பெயருக்கு உரியவரைத் தெருவில் பார்த்துப் பழகிய ஒருவராவது அந்த அறையில் இருப்பார். இரண்டாம் அலுவலர் இடக்கை ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லி, நகத்தின் நுனியிலிருந்து தோல் வரை மையால் ஒரு கோடு இழுக்கிறார். 1962 பொதுத் தேர்தலிலிருந்து பயன்பாட்டில் இருக்கும், மைசூரு பெயிண்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கும் அந்த மையில் வெள்ளி நைட்ரேட் கலந்திருப்பதால், வெளிச்சம் பட்டதும் கருத்துப் பிடித்துக்கொள்கிறது. தோலில் போனாலும் நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை அடையாளம் நிற்கிறது. பிறகு வாக்காளர் பதிவேடான 17ஏ-யில் கையெழுத்து, கையில் ஒரு சிறு சீட்டு. மூன்றாம் அலுவலர் அந்தச் சீட்டை வாங்கி, விரலில் மை இருக்கிறதா என்று பார்த்து, கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தி நமக்கான வாக்கைத் திறந்துவிடுகிறார். மூன்று மேசையிலும் யாரும் குரல் உயர்த்தவில்லை, யாருக்கும் தனிச் சலுகையும் இல்லை. எங்களுக்குச் சற்று முன்னால் கார் ஓட்டுநருடன் வந்த பெரிய மனிதரும், துப்புரவுப் பணியைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பெண்ணும் ஒரே வேகத்தில் ஒரே மேசைகளைக் கடந்தார்கள். வேறெந்த அரசு அலுவலகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

இயந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் தென் சென்னைத் தொகுதியில் 41 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்களே இருப்பதால், நோட்டாவையும் சேர்த்து மூன்று கருவிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். 54 பேர் நின்ற கரூரில் நான்கு கருவிகள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலிலும், மற்றப் பதிவுபெற்ற கட்சியினர் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலுமாக, ஒவ்வொரு பிரிவும் அகர வரிசைப்படி வருகிறது. இந்த ஒழுங்கு தெரிந்தவருக்குத் தேடல் எளிது. தெரியாதவருக்கு, மூன்று கருவிகளும் அறுபதுக்கு நெருக்கமான சின்னங்களின் சுவரைப் போலத் தோன்றும் என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் 42 வரிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிய வேண்டியிருக்கிறது. நோட்டா மூன்றாவது கருவியில், எல்லோருக்கும் கீழே இருக்கிறது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த அந்த வாய்ப்பைத் தேடி வருகிறவர் கொஞ்சம் பொறுமைசாலியாகவும் இருக்க வேண்டும்.

என் தாயார் உள்ளே போய் வெகுநேரம் ஒலி கேட்கவில்லை. தலைமை அலுவலர் எழுந்து மறைவுக்குப் பக்கத்தில் போய்விடாமல், தன் இடத்தில் இருந்தபடியே, “அம்மா, பச்சை விளக்கு எரியுதா? உங்களுக்கு வேணும்கிற சின்னத்துக்குப் பக்கத்துல இருக்கிற நீலப் பட்டனை அழுத்துங்க” என்று நிதானமாகச் சொன்னார். பிறகு அந்த நீண்ட ‘பீப்’ ஒலி வந்தது. ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் சிறு சன்னலில் வரிசை எண், பெயர், சின்னம் அச்சிட்ட சீட்டு 7 நொடி தெரிந்து, பெட்டிக்குள் அறுந்து விழுகிறது. கண்புரை இருக்கும் ஒருவருக்கு ஏழு நொடி போதாது. பொத்தானை அழுத்தியதும் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து நிமிர்ந்து, சன்னல் எங்கே என்று தேடி, கண்ணை அதில் பொருத்துவதற்குள் சீட்டு போய்விடும். “ஏதோ வெளிச்சம் வந்துச்சு, சின்னம் தெரிஞ்சுது, பேரு தெரியல” என்றார் தாயார். வெளியே பேசிய முதியவர்களில் பலரும் இதையேதான் சொன்னார்கள். வாக்காளருக்கு நம்பிக்கை தருவதற்கென்றே வைக்கப்பட்ட கருவி, அந்த நம்பிக்கை அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குக் குறைவாகப் பயன்படுகிறது. நேரத்தைக் கூட்டினால் வரிசை இன்னும் மெதுவாகும் என்பது உண்மைதான், எழுத்தைப் பெரிதாக்கலாமே.

பார்வையற்றவர்களுக்குக் கருவியில் பிரெயில் எண்கள் உண்டு. தாமாகப் பொத்தானை அழுத்த இயலாதவர் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். அந்தத் துணைவர் அன்று வேறு யாருக்கும் துணையாகச் செல்ல முடியாது, வாக்கின் இரகசியத்தைக் காப்பேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். 85 வயதைக் கடந்தவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் 2024-இல் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி இருந்தது. அதற்குத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் 12டி படிவம் கொடுத்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்கு அலுவலர்கள் மடக்கு அட்டை மறைப்போடு வந்து, கூடத்தில் வைத்து அவரை வாக்களிக்கச் செய்து போனார்கள். அவர் அதைப் பேரன் பேத்திகளிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2021-இல் இந்த வயது வரம்பு 80-ஆக இருந்தது; ஏன் உயர்த்தினார்கள் என்பது, 80-க்கும் 85-க்கும் இடையில் மூட்டு வலியோடு வரிசையில் நிற்பவர்களுக்கு விளங்கப்போவதில்லை.

செல்போன் விவகாரம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. சாவடிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது நியாயமான விதி. வாக்கைப் படமெடுத்துக் காட்டிப் பணம் வாங்கும் பழக்கத்தைத் தடுக்க வேறு வழியில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது? வாசலில் நின்ற காவலர் “வெளியே வச்சிட்டு வாங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார். எதிரே இருந்த பெட்டிக்கடைக்காரர்தான் அன்றைக்கு உண்மையான சேவை செய்தார். போன்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் பூத் சிலிப்பின் ஒரு மூலையைக் கிழித்து ரப்பர் பாண்டால் கட்டி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கிவைத்தார். காசு வாங்கவில்லை, திரும்ப எடுக்கும்போது பெரும்பாலோர் அவர் கடையில் ஒரு கடலை மிட்டாயாவது வாங்கினார்கள். தனியாக வந்த இளைஞர்கள் சிலர் யாரிடம் கொடுப்பது என்று தயங்கி, வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்கள்; அவர்கள் அனைவரும் திரும்பி வந்தார்களா என்பது ஐயமே. 2025 மே மாதத்தில், சாவடி வாசலிலேயே செல்போன்களை ஒப்படைத்துப் பெறும் வசதி செய்யப்படும் என்று ஆணையம் அறிவித்தது. இதற்கு இவ்வளவு காலம் பிடித்திருக்க வேண்டியதில்லை.

அறைக்குள் இருந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். முந்தைய நாளே இயந்திரங்களோடு வந்து, அறிமுகமில்லாத பள்ளியில் பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, அதிகாலையில் எழுந்து, முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, அவற்றை அழித்துவிட்டுத்தான் 7 மணிக்குக் கதவைத் திறக்கிறார்கள். மாலை முடிந்தும் கணக்கு எழுதி, முத்திரை வைத்து, வண்டி வந்து இயந்திரங்களை ஒப்படைக்கும் வரை விடுதலை இல்லை. பெண் அலுவலர்களுக்குக் கழிப்பறை ஒழுங்காக இருக்கும் பள்ளி வாய்ப்பது அதிர்ஷ்டம் என்று ஆசிரியையான என் உறவினர் சொல்வார். இந்த நிலையில் அவர்கள் காட்டிய பொறுமையை நினைத்தால், மேலே நான் சொன்ன குறைகளை அவர்கள் கணக்கில் எழுத மனம் வராது. நுழைவாயிலில் பலகை வைப்பது அவர்கள் வேலையே இல்லை.

மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள். கடைசியில் நிற்பவரிடம் முதல் எண்ணைக் கொடுத்து முன்னோக்கி வருவதால், பிறகு வந்து வாலில் ஒட்டிக்கொள்ள முடியாது. எவ்வளவு நேரமானாலும் டோக்கன் வைத்திருப்பவர் வாக்களித்த பிறகே சாவடி மூடப்படும். எளிய, அழகான ஏற்பாடு. அன்று இரவு வெளியான தகவல் மட்டும் அந்த நேர்த்தியோடு இல்லை. மாநில வாக்குப்பதிவு 72.09 சதவீதம் என்று முதலில் அறிவித்து, பிறகு 69.46 என்றார்கள், கடைசியில் 69.72 என்று நின்றது. முதலில் சொன்னது தோராயம் என்பதை அப்போதே அழுத்திச் சொல்லியிருந்தால், மறுநாள் தேநீர்க் கடைகளில் அவ்வளவு சந்தேகம் பேசப்பட்டிருக்காது.

அடுத்து வாக்களிக்கச் செல்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை அறிவிக்கை வருவதற்கு முன்பே தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ 1950 என்ற தொலைபேசி எண்ணிலோ பார்த்துவிடுங்கள். பாகம் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாவது போங்கள். வரிசையில் சேருமுன் முன்னால் நிற்பவரின் பாகம் எண்ணைக் கேளுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் கூச்சப்படாமல் வாசலில் இருப்பவரிடம் சொல்லி நேராக அழைத்துச் செல்லுங்கள். கூட்டம் குறைவான நேரம் பகல் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள். வெயிலைத் தாங்கக்கூடியவர்கள் அப்போது போனால், காலை நேரத்தை முதியவர்களுக்கும், வேலைக்குப் போகும் வழியில் வந்து நிற்பவர்களுக்கும் விட்டுக்கொடுத்ததாகவும் இருக்கும்.